என் பிரஷர் நாய்க்குப் போன கதை

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நாய் வளர்த்தால் மனிதனுக்கு பிரஷர் குறையும் என்று டாக்டர் சொன்னபோது, குறைகிற பிரஷர் எங்கே போகும் என்றுதான் யோசித்தேன். நாய்க்குத்தான் போகும் என்று முடிவுக்கு வந்தேன். அப்போது எனக்கு வயது ஐம்பத்தொன்று. (சின்னப் பையன், தெரியாமல் நம்பிவிட்டான் என்று சொல்லவும் வழியில்லை.)

இலங்கை மலையகத்துப் பெரகல சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவனின் மூளை அப்படித்தான் வேலை செய்யும். ஒரு மூட்டையில் உருளைக்கிழங்கு குறைந்தால் இன்னொரு மூட்டையில் கூடியிருக்க வேண்டும். காற்றில் கரைந்துபோகாது.

டாக்டர் சொன்னது வேறு. "மாத்திரைய விடாதீங்க. கூடவே ஒரு நாய வளருங்க. அது ஒங்கள இழுத்துக்கிட்டு நடக்கும். மனசும் லேசாகும்." நான் எனக்குப் புரிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

வெலிமடையிலிருந்து காய்கறி கொண்டுவரும் லொறியில், லீக்ஸ் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அது வந்து சேர்ந்தது. மண் நிறம். ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது மடிந்திருக்கும். டாக்டர் சொல்லி வந்த நாய் என்பதால் என் மனைவி கமலா அதற்கு 'மாத்திரை' என்றே பெயர் வைத்துவிட்டாள். "மாத்திரைக்குச் சோறு போட்டாச்சா?" என்று அவள் உள்ளேயிருந்து கேட்கும்போது, சாமான் வாங்க வந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

ஆனால் அந்தக் காலை நடை, சொன்னால் நம்பமாட்டீர்கள், பாதித் தூக்கத்தில் காணும் கனவு மாதிரி இருந்தது. கடைக்குப் பின்னால் ஏறும் தோட்டத்து ரோட்டில் பனிமூட்டம் இரண்டு வரிசை தேயிலையைக் காட்டும், மூன்றாவதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். மூட்டம் விலகும் வளைவில், கீழே வெல்லவாயப் பக்கத்துச் சமவெளி முழுக்க மேகம் வெள்ளையாக நிரம்பிக் கிடக்கும்; நாங்கள் ஏதோ கடற்கரையில் நடப்பதுபோல இருக்கும். கொழுந்தெடுக்கப் போகும் பெண்களின் பேச்சு முதலில் வரும். ஆட்கள் பிறகுதான் வருவார்கள். மாத்திரை முன்னால் போகும், பனியில் கரையும், திரும்பி வந்து நான் இருக்கிறேனா என்று பார்க்கும். இருபது வருடமாகக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவனை அப்படி யாரும் தேடி வந்து பார்த்ததில்லை.

மூன்றாவது மாதத்தில் ஒரு காலை. ஓடை தேங்கி நிற்கும் ஒரு குட்டையில் மாத்திரை நாக்கைப் போட்டுக் குடித்தது. குட்டைக்குள் வானம் இருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, பக்கத்தில் குப்புறப் படுத்து, கையால் அள்ளாமல் வாயை வைத்தே குடித்தேன். தண்ணீரில் இரண்டு முகங்கள் ஆடின. எது என்னுடையது என்பதில் எனக்கு அக்கறையே இல்லை. கடை, தராசு, பிரஷர் எல்லாம் யாரோ ஒருவருடையவை.

இரண்டு வாரம் கழித்து, கடையைத் திறந்த கையோடு, மாத்திரை தும்மியது. தரையில் கிடந்த பேப்பரில் சிவப்புப் புள்ளிகள். மூக்கிலிருந்து ரத்தம்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. மூன்று மாதமாக என் உடம்பிலிருந்து போன பிரஷர் எல்லாம் அந்தச் சின்னத் தலைக்குள் சேர்ந்து வெடித்துவிட்டது.

"கமலா, மாத்திரைக்கு வெடிச்சிருச்சு."

"என்ன வெடிச்சிருச்சு?"

"என் பிரஷர்."

நாயின் முன்னால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டேன். அதன் நெற்றியைத் தடவினேன். அப்போது என் கையில் ஒரு சொட்டு விழுந்தது. நாயுடையது இல்லை. என் மூக்கிலிருந்து வந்தது. ஆக, தாங்க முடியாமல் நாய் எல்லாவற்றையும் எனக்கே திருப்பி அனுப்பிவிட்டது.

மகள் சுகந்தியைக் கூப்பிட்டேன். "ஆட்டோவுக்குப் போன் போடு. கடைய வித்துறாதீங்க. அம்மாவ அழ விடாத."

"அம்மா அழலையேப்பா."

கமலா அழவில்லைதான். அவள் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து வளர்ந்தவள். நான் பதுளைக் கடைவீதிக்காரன். அவள் நாயின் மூக்கைப் பார்த்தாள். பிறகு என் மூக்கைப் பார்த்தாள்.

"உள்ளுக்குள்ள ஊர்ற மாதிரி இருந்துச்சா?"

"ஒரு வாரமா இருக்கு. மூக்கடைப்பு, தடிமன்னு நெனச்சேன்."

"எங்க தண்ணி குடிச்சீங்க?" (சாகப் போகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது?)

குட்டையைப் பற்றிச் சொன்னேன்.

"வாய வச்சா? நாய் மாதிரியா?"

"நாய் கூட."

அவள் இரண்டு சட்டியில் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்தாள். ஒன்று நாய்க்கு முன்னால், ஒன்று எனக்கு முன்னால். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஏதோ கடைசிச் சடங்கு நடக்கிறது என்று நினைத்தேன். மூக்கைத் தண்ணீரில் படுகிற மாதிரி வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கச் சொன்னாள். இருந்தேன்.

அந்த நேரம் பார்த்து, தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் மாரியாயி அக்கா கடைக்கு வந்தார். "என்னங்க அண்ணே, மூஞ்சி கழுவுறீங்களா?"

"சாகப் போறேன் அக்கா."

"சரிங்க. அதுக்கு முன்ன துணி தொவைக்க ஒரு சவுக்காரத்த எடுத்துக் குடுங்க. பெரட்டுல பேர் குடுக்க நேரமாச்சு."

அப்போதுதான் என் மூக்கில் ஏதோ அசைந்தது. மெல்ல இறங்கியது. உயிர் மூக்கு வழியாகப் போகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். இவ்வளவு வழவழப்பாகப் போகும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

"போகுது கமலா."

"போகல, வருது. ஆடாம இருங்க."

பழந்துணியால் கப்பென்று பிடித்து இழுத்தாள். துணியில் நெளிந்தது என் உயிர் அல்ல. சுண்டுவிரல் நீளத்துக்கு ஓர் அட்டை. நாயின் மூக்கிலிருந்தும் ஒன்று எடுத்தாள். அது இன்னும் நீளம். அட்டை என்றால் கணுக்காலில் கடிக்கும் என்று மட்டுமே தெரிந்துவைத்திருந்த நான் துணியையும் என் கணுக்காலையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"குட்டத் தண்ணியில நூலு மாதிரிதான் இருக்கும்" என்றாள் கமலா. "மூக்குல ஏறித் தடிச்சிரும். தண்ணியக் காட்டுனா எறங்கும். தோட்டத்துல மாட்டுக்கு வரும், நாய்க்கு வரும். ஆளுக்கு வந்து இன்னைக்குத்தான் பாக்குறேன்."

மாரியாயி அக்கா சவுக்காரத்தை மறந்துவிட்டு, பெரட்டுக் களத்தில் சொல்வதற்கு ஒரு கதையோடு வேகமாகப் போனார். கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குள் தோட்டம் முழுவதும் தெரிந்துவிட்டது.

அன்று மாலை டாக்டர் டோர்ச் அடித்து என் மூக்குக்குள் பார்த்தார். கையில் பட்டியைச் சுற்றி பிரஷரும் பார்த்தார். நம்பாமல் இன்னொரு முறை பார்த்தார். "நல்லாக் கொறஞ்சிருக்கே" என்றார்.

"டாக்டர், நாய்க்கும் ஒரு தடவை பாத்துட்டா…"

அவர் பட்டியைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தார்.

இப்போதும் நாங்கள் தினமும் பனிக்குள் நடக்கிறோம். நான் போத்தலில் தண்ணீர் கொண்டுபோகிறேன். வீட்டில் நான் தும்மினால் சுகந்தி எழுந்துபோய் இரண்டு சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். மாத்திரை ஓடிவந்து தன் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, என்னுடையதைப் பார்க்கும்.

நடந்தது இவ்வளவுதான். மூன்று மாதம் நாயோடு நடந்ததில் என் பிரஷர் குறைந்திருந்தது. ஒரே குட்டையில் வாயை வைத்ததில் ஆளுக்கோர் அட்டை ஏறியிருந்தது.