பைலட் அண்ணனின் இரண்டு காதுகள்

உலகத்திலேயே அமைதியான இடம் எது என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு மலையைச் சொல்வார்கள், இல்லையென்றால் ஓர் ஆசிரமத்தைச் சொல்வார்கள். எல்லாம் சும்மா. இரண்டாயிரங்களின் நடுவில், விருத்தாசலம் செராமிக் பேட்டையில், பைலட் அண்ணனின் வலது காதுக்கும் இடது காதுக்கும் நடுவே இருந்த இடம்தான் அது. அந்த இடத்தைப் பார்த்து வயிறெரிந்தே நான் நாலு வருஷம் இளைத்தேன்.

பைலட் என்றால் விமானம் ஓட்டியவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஏறிய பெரிய வாகனம் சேத்தியாத்தோப்பு பஸ்தான். எங்கள் கம்பெனியில் கரண்டு வேலைக்கான பீங்கான் ஃப்யூஸ் கட்டைகள் செய்வோம். அதற்கு மண் அரைக்கிற மில் கொட்டகையில் அவரும் ஓர் ஆள், நானும் ஓர் ஆள். லுங்கி, முண்டா பனியன், தலையில் பட்டை வைத்த பெரிய கறுப்பு ஹெட்போன். இந்தக் கோலத்தில் அவர் முதல் நாள் சைக்கிளில் வந்து இறங்கியபோது கேட்டிலேயே யாரோ பெயர் வைத்துவிட்டார்கள். அதற்கு முன் அவருக்கு என்ன பெயர் இருந்தது என்பது சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும்.

அந்த மில்லைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியாது. ஆள் உயரத்துக்கு மேல் ஓர் இரும்பு உருளை. உள்ளே களிமண், வெள்ளைக்கல், தண்ணீர், கூடவே முட்டை முட்டையாகக் கூழாங்கற்கள். அதை மணிக்கணக்கில் சுற்றவிட்டால் கல்லெல்லாம் உருண்டு மண்ணை மாவாக்கும். இந்த மாதிரி நாலு உருளை ஒரே தகரக் கொட்டகையில் ஓடும். பக்கத்தில் இடி விழுந்தால்கூட யாராவது வந்து சொன்னால்தான் உண்டு. எங்கள் கொட்டகையில் ரகசியம் என்று ஒன்று கிடையவே கிடையாது. "இத யார்கிட்டயும் சொல்லிடாத" என்பதையே தொண்டை நரம்பு புடைக்கக் கத்தித்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் கத்தல் வீட்டுக்கும் கூடவே வரும். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டால் தெருவில் மூன்று வீடுகளில் கதவைத் திறந்து பார்ப்பார்கள். என் மனைவி ஒருநாள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னாள்:

"நான் இங்கதான நிக்கிறேன்? யாருக்கு ஏலம் போடுறீங்க? பைலட் அண்ணனும் அதே மில்லுலதான் வேல பாக்குறாரு. வூட்டுக்கு வந்தா எவ்ளோ மெதுவா, பதவிசாப் பேசுறாருன்னு அவங்க வூட்டுக்காரம்மா சொல்லிச் சொல்லிப் பூரிக்குது."

சொந்த வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு இன்னொருத்தர் பதவிசைக் கேட்கிற கொடுமை எந்த எதிரிக்கும் வரக்கூடாது.

அந்த ஹெட்போன் சிங்கப்பூரிலிருந்து அவருடைய மச்சான் கொண்டுவந்தது. எங்களிடம் வருவதற்கு முன் வேறொரு மில்லில் இருந்தபோதே வந்தது. அதுவும் முதலில் கொண்டுவந்தது இல்லை. முதல் தடவை வந்ததைக் காதில் மாட்டிப் பார்த்துவிட்டு, "பாட்டு நல்லாக் கேக்குது மச்சான். பாட்டு எனக்கு எதுக்கு?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அடுத்த வருஷம் வந்தது தலையை நெரித்தது என்று அதையும் திருப்பிவிட்டார். மூன்றாவதைத்தான் ஒப்புக்கொண்டார். எனக்கும் ஒரு மச்சான் உண்டு. வேப்பூரில் புரோட்டா கடை வைத்திருக்கிறான். இரண்டு புரோட்டாவுக்கு மேல் சால்னா கேட்டாலே அவன் முகம் மாறிவிடும்.

இதில் இன்னொரு கூத்து, அவர் அதில் பாட்டே கேட்டதில்லை. ஹெட்போன் வயரைச் சுருட்டி பனியனுக்குள் செருகியிருப்பார். அதன் நுனி எதிலும் சொருகியிருக்காது. பேட்டைக்குப் புதிதாக வருகிறவர்களெல்லாம், "என்ன பாட்டுங்க ஓடுது?" என்று ஆசையாகக் கேட்பார்கள்.

"ஒண்ணுமே ஓடல. அதுக்குத்தான் மாட்டியிருக்கேன்" என்பார்.

எனக்கும் ஒன்று வேண்டும் என்று மனசு அரிக்க ஆரம்பித்தது. அவரிடம் யோசனை கேட்கத் தன்மானம் இடம் கொடுக்கவில்லை. போனஸ் வந்ததும் ஒருத்தருக்கும் சொல்லாமல் சென்னைக்கு ரயிலேறி, ஒரு பஜாரில் கடைக்காரர் சத்தியம் செய்து கொடுத்ததை வாங்கினேன். அவர் அதை என் காதில் மாட்டி, பாட்டை முழுச் சத்தத்தில் வைத்து, "சார், வெளிச்சத்தம் ஏதாவது கேக்குதா?" என்று வாயசைத்தார். கேட்கவில்லை. அப்படிப் பாட்டு அலறினால் யாருக்குத்தான் கேட்கும்? எனக்கு அந்த நேரத்தில் அது தோன்றவில்லையே!

மறுநாள் மில் கொட்டகையில் ராஜ நடை நடந்து போய் அதை மாட்டினேன். மில்லும் கேட்டது, பாட்டும் கேட்டது, பக்கத்தில் யாரோ சிரிப்பதும் கேட்டது. டீ நேரத்தில் பைலட் அண்ணன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல பேட்டரி போட எடமே இல்லையே தம்பி. சத்தம் புடிக்கிற மைக்கும் இல்ல. இது வெறும் பாட்டுப் பொட்டி. கடையில பாட்ட நிறுத்தச் சொன்னீங்களா?"

"இல்ல."

"அதான் மொதல்ல செய்யணும். பாட்டே இல்லாம, ஓடுற ஃபேனுக்கு அடியிலயோ ஏசி பக்கத்துலயோ நின்னு சுவிச்சப் போட்டுப் பாக்கணும். அந்த உய்யிங்கிற சத்தம் சட்டுன்னு அடங்குனா அது சரக்கு. அப்புறம் ஒரு முறுக்கு வாங்கி மெல்லணும்."

"முறுக்கா?"

"தாடை ஆடும்போது காது மெத்தைக்கும் கன்னத்துக்கும் நடுவுல சந்து வுழுதான்னு பாக்கத்தான். கண்ணாடி போடுறவங்க கண்ணாடியோட மாட்டிப் பாக்கணும். கால் மணி நேரம் கழட்டாம நின்னு, தல வலிக்குதா, காது வேர்க்குதான்னு பாக்கணும். பேட்டரி நம்ம ஜங்ஷன் பொட்டிக்கடையில கெடைக்குதான்னும் பாத்துக்கணும். இவ்ளோதான்."

கடையில் மென்று பார்த்து வாங்கச் சொல்லி, மச்சான் கையில் மூன்று வருஷமாக முறுக்குப் பொட்டலம் கொடுத்தனுப்பிய மனிதரல்லவா! சொன்னது ஒவ்வொன்றும் சரியாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"பேட்டரி போட்டா எப்டிங்க சத்தம் அடங்கும்? காத்தாடியா சுத்துது உள்ள?" என்று மடக்கினேன்.

அவர் அசரவில்லை. தரையிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து, நடுவில் மேடு வைத்துத் தட்டினார். அதன் மேல் இன்னொரு மண்ணை அழுத்தி எடுத்தார். மேடு இருந்த இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. தினமும் நாங்கள் ஃப்யூஸ் கட்டைக்கு அச்சு எடுக்கிற அதே வேலைதான்.

"சத்தம்னா மேடும் பள்ளமுமா வர அலை. வெளியில இருக்குற மைக்கு அதக் கேக்குது. கேட்டு, அதுக்கு ஒரு அச்சு எடுக்குது. மேட்டுக்குப் பள்ளம், பள்ளத்துக்கு மேடு. அந்த அச்ச அப்டியே அது மேல கவுத்துடுது. ரெண்டும் சேந்தா என்ன ஆவும்? சமமாயிடும். காதுக்கு ஒண்ணுமே வராது. ஆனா தம்பி, ஒண்ணு..."

அந்த "ஆனா"வோடு நான் எழுந்து போய்விட்டேன். பொறாமைக்காரனுக்குப் பாதிப் பாடமே அதிகம். வாத்தியார் வேலையும் பார்க்க வந்துவிட்டார் என்று முணுமுணுத்தபடி பாட்டுப் பொட்டியைச் சாப்பாட்டுப் பைக்குள் திணித்தேன்.

பைலட் அண்ணன் ஹெட்போன் மாட்டினால் அவருக்கு ஒன்றுமே கேட்காது என்று கம்பெனியே நம்பியது. அதனால் எல்லோரும் மனசில் இருப்பதை அவர் முன்னால் கொட்டினார்கள். ஃப்யூஸ் கட்டைகளின் ஓரத்தில் பிசிறு தட்டும் செல்வி அக்கா தன் மாமியார் கதையை, அதிலும் வசவு வரும் இடங்களை, அவர் பக்கத்தில் நின்றுதான் சொல்லும். நான் சும்மா இருப்பேனா? அவர் முகத்துக்கு நேரே நின்றுகொண்டு, "பாருங்க, பெரிய ஏரோப்ளேன் ஓட்டுற தொர! மச்சான் காசுல மவுனசாமி ஆயிட்டாரு!" என்று தினம் ஒன்று கத்துவேன். அவர் பாட்டுக்கு மில்லைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தச் சுகத்துக்காகவே நான் லீவு போடாமல் வேலைக்குப் போனேன்.

அப்போதுதான் மில் இன்சார்ஜ் வேலை காலியானது. பழைய இன்சார்ஜ் ஓய்வு பெற்றார். புது ஆள் யாரென்று ஆயுத பூஜை அன்று சொல்வதாக முதலாளி அறிவித்தார். போட்டியில் இரண்டே பேர், பைலட் அண்ணனும் நானும்.

எனக்கு அந்த வேலை எப்படியாவது வேண்டும். பதவி ஆசை இல்லை. என் காதில் சில மாதங்களாக ஒரு கூவல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, அந்தச் சத்தத்தை விட்டு விலகி இருக்காவிட்டால் இருக்கிற காதும் போய்விடும் என்றார். இன்சார்ஜுக்குக் கொட்டகைக்கு எதிர்ப்புறம் கண்ணாடிக் கதவு போட்ட தனி அறை. வேறு வேலை தெரியாதவனுக்கு அதுதான் மருந்து. இதை நான் செல்வி அக்காவிடம் மட்டும்தான் சொன்னேன், வழக்கம்போல் கத்தி.

"காதுக்குள்ள சதா ரயிலு கூவுதுக்கா. என் பொண்ணு பேசுறது பாதி புரியல. அது ஸ்கூலுல பரிசு வாங்குனதச் சொல்லுது, நான் பல்பம் வேணுமான்னு கேக்குறேன்."

அக்கா கண்ணைத் துடைத்தது. பக்கத்தில் பைலட் அண்ணன் மில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூஜைக்கு ஒரு வாரம் முன்னால் முதலாளி கொட்டகைக்கு வந்தார். விட்டேனா? பைலட் அண்ணனை அவர் எதிரிலேயே கைகாட்டிக் கத்தினேன்:

"மில்லு சத்தத்த வச்சுத்தாங்க மில்லோட ஒடம்பு தெரியும்! காத மூடிக்கிட்டு நிக்கிறவர இன்சார்ஜாப் போட்டா மில்லு ஒடைஞ்சாக்கூடத் தெரியாதுங்க!"

முதலாளி யோசனையோடு தலையாட்டினார். பைலட் அண்ணன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

மூன்றாம் நாள் காலை. அவர் திடீரென்று இரண்டாம் நம்பர் மில்லிடம் போய் நின்றார். தலையைச் சாய்த்தார். அந்தப் பக்கம் போய்ச் சாய்த்தார். பிறகு சுவிட்சை அமுக்கி மில்லை நிறுத்திவிட்டார். ஓடுகிற மில்லைப் பாதியில் நிறுத்துவது எங்கள் பேட்டையில் தாலி கட்டும்போது மேளத்தை நிறுத்துவதற்குச் சமம். முதலாளி செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவந்தார்.

"எவன்யா நிறுத்தினது?"

"உள்ள ஏதோ தனியாத் தட்டுதுங்க" என்றார் பைலட் அண்ணன்.

மூடியைத் திறந்து பார்த்தால், உருளைக்குள் பதித்திருக்கும் கல் வரிசையில் ஒன்று பெயர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் வரிசையே பெயர்ந்து, அந்த மண் முழுக்கக் குப்பைக்குத்தான் போயிருக்கும்.

"யாரு கண்டுபுடிச்சது?" என்றார் முதலாளி.

பைலட் அண்ணன் நேராக என்னைக் கைகாட்டினார். "தம்பிதாங்க. ரெண்டாம் நம்பருல ஒரு தட்டு கேக்குதுன்னு காலையிலேர்ந்து சொல்லிச்சு. நான் நிறுத்தினேன், அவ்ளோதான்."

எனக்கு எந்தத் தட்டும் கேட்டிருக்கவில்லை. என் காதில் என் ரயில் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பாழாய்ப்போன வாய், "ஆமாங்க" என்றது.

ஆயுத பூஜை அன்று மில்லுக்கெல்லாம் சந்தனம் பூசி, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, என்னை இன்சார்ஜ் என்று சொன்னார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் கொட்டகையில் சத்தம் இருக்காது. பைலட் அண்ணன் ஹெட்போனைக் கழற்றி மில் மேலேயே வைத்து அதற்கும் ஒரு பொட்டு வைத்திருந்தார். கையில் பொரிப் பொட்டலத்தோடு அவரை ஓரமாக இழுத்துப் போனேன்.

"ஏண்ணே அப்டிச் சொன்னீங்க? எனக்கு ஒண்ணுமே கேக்கல. அத மாட்டிக்கிட்டு உங்களுக்கு மட்டும் எப்டிக் கேட்டுச்சு?"

"அன்னைக்கு 'ஆனா'ன்னு சொல்ல வந்தேன் தம்பி, நீங்க எழுந்து போயிட்டீங்க" என்றார், பொரியைக் கொறித்தபடி. "ஒரே மாதிரி ஓடுற சத்தத்துக்குத்தான் இது அச்சு எடுக்கும். திடீர்னு வர தட்டு, மனுஷங்க பேச்சு, இதெல்லாம் நொடிக்கு நொடி மாறுதுல்ல? அச்சு எடுக்கறதுக்குள்ள காதுக்கு வந்துடும். அதோட மில்லு எரைச்சல் அடங்கிப்போவுதா, நீங்க எல்லாம் வேற கத்திப் பேசுறீங்களா, பேச்சு தெளிவாக் கேக்கும்."

வாய்க்குக் கொண்டுபோன பொரியைப் பொட்டலத்திலேயே திருப்பிப் போட்டேன்.

"பேச்சு... எல்லாமேவா?"

"எல்லாந்தான்."

ஏரோப்ளேன் தொர, மவுனசாமி, முதலாளியிடம் நான் கத்தியது, எல்லாம் ஒவ்வொன்றாக என் கண் முன்னால் வந்து வரிசை கட்டி நின்றது. ஓடிப்போய் மில்லுக்குள் இறங்கி மூடியைப் போட்டுக்கொள்ளலாமா என்று இருந்தது.

"செல்வி அக்காகிட்ட உங்க காதப் பத்திச் சொன்னீங்களே, அதுவும் கேட்டுச்சு" என்றார். "எனக்குத்தான் இது இருக்குதே. அந்தக் கண்ணாடி ரூமு எனக்கு எதுக்கு? பாப்பா பேசுறது உங்களுக்குக் கேக்க வேணாமா?"

சொல்லிவிட்டு இன்னொரு கை பொரி எடுத்துக்கொண்டார். ஐயா, அன்றைக்குத்தான் என் பொறாமை உச்சத்துக்குப் போனது. ஹெட்போன் எங்கேயாவது கடையில் கிடைக்கும். இந்த மனசை எந்த ஊர் பஜாரில், எந்த முறுக்கை மென்று பார்த்து வாங்குவது?

அவரிடம் மன்னிப்புக் கேட்கத்தான் தோன்றியது. ஆனால் சுற்றிலும் எல்லோரும் நின்றார்கள், கொட்டகையோ நிசப்தமாக இருந்தது. இத்தனை வருஷம் கத்தியே பழகிய எனக்கு மெதுவாகச் சொல்ல வாய் வரவில்லை. வணக்கம் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் நாலு மில்லும் ஓட ஆரம்பித்தன. கண்ணாடி அறையிலிருந்து இறங்கி நேரே அவரிடம் போனேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு வழக்கம்போல் மில்லைப் பார்த்து நின்றார். அவர் முகத்துக்கு நேரே நின்று, என் தொண்டை முழுவதையும் திறந்து கத்தினேன்:

"அண்ணே! தப்பா நெனைச்சிட்டேண்ணே! நீங்க ரொம்ப நல்ல மனுஷண்ணே!"

பிசிறு தட்டிக்கொண்டிருந்த செல்வி அக்கா கையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. பைலட் அண்ணன் மெல்லத் திரும்பினார். நாலு வருஷத்தில் அத்தனை பேர் பேச்சையும் ஒரு சொல் விடாமல் கேட்ட அந்த மனிதர், புருவத்தைச் சுருக்கி, காதுக்குப் பக்கத்தில் கையைக் குவித்தார்.

"ஒண்ணும் கேக்கல தம்பி. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

சொன்னேன்.