பூங்காவனத்தின் பத்து இலை மனு

ஒரு காட்டில் ஒரு பதிவு அலுவலகம் இருந்தது. இந்த மாதிரிக் கதையைப் புலியிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். புலியும் இருந்தது, வரும். ஆனால் புலியைப் பார்த்தவர்களாவது ஓடினார்கள். அலுவலகத்தைப் பார்த்தவர்கள் வரிசையில் நின்றார்கள்.

அலுவலகம் என்றால் ஒரு பெரிய வேங்கை மரம். அடியில் கவுன்ட்டரில் குரங்கு எத்திராஜு உட்கார்ந்திருப்பார். மனுவை இலையில் எழுதி அவரிடம் கொடுக்க வேண்டும். அதை ஓர் அணில் உச்சிக்குத் தூக்கிக்கொண்டு போகும். அங்கே மரங்கொத்தி வேதாசலம் மரத்தில் கொத்துவார். கொத்தியதுதான் பதிவேடு. அலுவலகத்துக்கு இருந்த சட்டம் ஒன்றே ஒன்று: மனு ஏறினால் முழுசாக ஏற வேண்டும், இல்லாவிட்டால் ஏறவே கூடாது.

கவுன்ட்டரில் ஒரு பலகை தொங்கியது. 'ஒரு மனுவுக்குப் பதினாறு இலை வரை.' எத்திராஜுவின் தட்டில் பதினாறு இலை பிடிக்கும், அதனால் பதினாறு. அணிலால் ஒரு நடைக்குப் பன்னிரண்டுதான் தூக்க முடியும். வேதாசலம் ஒரு மூச்சில் எட்டு இலை கொத்துவார். அந்த எட்டு முடிகிறவரை தலையில் இடி விழுந்தாலும் நிறுத்தமாட்டார், முடிந்ததும் கழுத்தை நீவிவிட்டுக்கொள்ள வேண்டும். மூன்று பேரும் அதே மரத்தில் பதினோரு வருஷமாக வேலை பார்த்தார்கள். உனக்கு எவ்வளவு முடியும் என்று ஒருவரும் ஒருவரைக் கேட்டதில்லை. அப்படிக் கேட்பது மரியாதையில்லை என்று நினைத்திருப்பார்கள்.

அந்த மரம் நின்ற ஆற்றின் கிழக்குக் கரையில் பதிவேட்டைப் பார்த்துத்தான் புலித் தலைவரின் மதியச் சாப்பாட்டுப் பட்டியல் தயாராகும். பூங்காவனம் என்ற புள்ளிமானின் முறை வியாழக்கிழமை. ஆற்றுக்கு மேற்கே புலி கிடையாது, ஆனால் பெயர் மாற்றம் இல்லாமல் அங்கே சேர்க்கமாட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலையிலேயே அவள் மனுவோடு வந்து நின்றாள்.

"எதுக்கும்மா பத்து இலை?" என்றார் எத்திராஜு.

"முதல் மூணுல வணக்கம் சார். அடுத்த அஞ்சுல கிழக்குக் கரையிலேருந்து என் பேரை எடுக்கச் சொல்லி. கடைசி ரெண்டுல மேற்குக் கரையில சேர்க்கச் சொல்லி."

"வணக்கத்தைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்."

"போன வாரம் ஒரே இலையில வணக்கம் போட்ட முள்ளம்பன்றியை, திமிரான்னு கேட்டுத் திருப்பி அனுப்புனீங்களே சார்."

எத்திராஜு பலகையைக் காட்டினார். "பதினாறு வரைக்கும் தாராளமா போகும். கவலைப்படாம போ."

மனு உச்சிக்குப் போனது. வேதாசலம் எட்டு இலையை ஒரே மூச்சில் கொத்தினார். கழுத்தை நீவிக்கொண்டிருந்தபோது இடி இடித்தது. அவர் பொந்துக்குள் போனார், மிச்சமிருந்த இரண்டு இலையைக் காற்று கொண்டுபோனது. மழை விட்டதும் வெளியே வந்தவர் அடுத்த மனுவை எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை பூங்காவனம் வந்து பார்த்தாள். கிழக்கில் அவள் பெயர்மேல் கோடு கிழித்திருந்தது. மேற்கில் பெயரே இல்லை.

"சார், நான் எங்கயுமே இல்ல சார்."

"மிச்சத்தை ஏத்தணும்னா புது மனு குடுக்கணும். மனு குடுக்கணும்னா பதிவேட்டுல பேர் இருக்கணும்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. புலியிடம் போகிறவளுக்காவது ஒரு முறை, ஒரு கிழமை இருக்கிறது. தனக்கு அதுகூட இல்லையே என்று இருந்தது.

வியாழக்கிழமை வந்தது. புலி பட்டியலோடு சாப்பிட உட்கார்ந்தது. தன் முறை நாளாயிற்றே என்று பூங்காவனம் வந்து நாலடி தள்ளி நின்றாள்.

"நீ யாரு?"

"யாரும் இல்லீங்க."

புலி பட்டியலை மேலிருந்து கீழே இரண்டு முறை பார்த்தது. "ஆமா, இல்ல. போ," என்றது. சட்டத்துக்குக் கட்டுப்பட்ட புலி. அன்று பட்டினி கிடந்தது.

விஷயம் பரவியது. மறுநாளிலிருந்து எல்லோர் கையிலும் பத்து இலை மனு, எல்லோர் கண்ணும் மேகத்தின்மேல். அந்த மாதம் காட்டில் எழுதப்பட்ட வணக்கங்களைப் போல மனம் உருகிய வணக்கங்களை நீங்கள் எங்கும் பார்த்திருக்கமாட்டீர்கள். மாதக் கடைசியில் பட்டியலில் ஒரு நத்தை மட்டும் பாக்கி.

விலா எலும்பு தெரிய, புலி அலுவலகத்துக்கே வந்து விசாரித்தது. "என்னால எட்டுதான் ஆகும்னு என்னைக்காவது கேட்டீங்களா?" என்று உச்சியிலிருந்து வேதாசலம் கத்தினார்.

"பலகையில எட்டுன்னு மாத்து," என்றது புலி. "எட்டுக்கு மேல வந்தா கவுன்ட்டர்லயே திருப்பி அனுப்பு. ரெண்டா வெட்டி ஏத்துற வேலை வேணாம்."

நல்ல உத்தரவு. யோக்கியமான கதையாக இருந்தால் இதோடு முடிந்திருக்கும். ஆனால் உத்தரவையும் மரத்தில் கொத்த வேண்டுமே. கழன்றுபோன பெயர்களைத் திரும்பப் பிடிக்க, பழைய பதிவேடு ரத்து, தலைவர் முதல் நத்தை வரை எல்லோரும் புதுப் பதிவேட்டில் சேர்க்கப்படுகிறார்கள் என்று எழுதினார்கள். முன்னால் புலியின் பட்டங்களையும் சேர்த்ததும் ஒன்பது இலை வந்தது.

"தலைவரே, ஒரு பட்டத்தை மட்டும்..." என்று ஆரம்பித்தார் எத்திராஜு.

புலி அவரைப் பார்த்தது. எத்திராஜு மறுபடி எண்ணினார். "எட்டுதாங்க," என்றார்.

எட்டு இலை ஏறியது. வேதாசலம் கழுத்தை நீவினார். இடி இடித்தது.

மழை விட்டதும் புலி கேட்டது. "என்ன ஆச்சு?"

"பழைய பதிவேடு ரத்தாயிடுச்சுங்க. புதுசு ஏறல."

"அப்ப நான் யாரு?"

"பதிவுப்படி... யாரும் இல்லீங்க."

"பட்டியலைப் பார்த்துத்தான் சாப்பிடணும்ங்கிறது யாருக்கு?"

"தலைவருக்குங்க."

"யாரும் இல்லாதவனுக்கு?"

எத்திராஜுவுக்கு விதி ஞாபகம் வரவில்லை. புலி அவரைத் தலையிலிருந்து வால்வரை ஒரு முறை அளந்தது. ஒரு வேளைச் சாப்பாட்டு அளவுக்குள்தான் இருந்தார். இடையில் ஒரு இடி இடித்தது, புலி நிறுத்தவில்லை. அந்த அலுவலகத்தில் முழுசாக நடந்த முதல் காரியம் அதுதான்.

பூங்காவனம் இதைப் பார்த்துவிட்டு ஆற்றில் குதித்து நீந்தினாள். மேற்குக் கரைக் காவல் எருமை பெயர் மாற்றச் சான்றிதழ் கேட்டது. கவுன்ட்டரில் ஆள் இல்லை என்றாள். எந்த அலுவலகத்துக்கும் புரிகிற காரணம் அது. எருமை வழி விட்டது.

நீதி: அலுவலகத்தில் உங்கள் வேலை பாதியில் நின்றால் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். முழுசாக முடித்துத் தருகிறேன் என்பவர் பசியோடு இருக்கக்கூடும்.