கோட்டையில் அசூல் அடித்தவர்

நானறிய, ஒரு கோட்டையின் ரிக்கற் கவுண்டரில் போய், அகதித் தஞ்சம் கேட்டு அசூல் அடித்த ஒரே மனுசன் எங்கள் கோட்டை அண்ணைதான். இதை எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

ஜெர்மனியில், வுப்பர்டாலில் எனக்குப் பக்கத்து வீடு. பேக்கரியில் வேலை. சொந்தப் பெயர் அவர் மனுசிக்கே மறந்திருக்கும். புதிதாக வந்த யாராவது, "கோட்டை எண்டா யாழ்ப்பாணக் கோட்டையோ, கொழும்புக் கோட்டையோ?" என்று கேட்டால் முடிந்தது கதை. "ரெண்டும் இல்லை, ஸ்லோவேனியா! இருங்கோ, தேத்தண்ணி போடச் சொல்லுறன்" என்று பிடித்துக்கொள்வார். பிறகு வீடு போய்ச் சேர ஏலாது.

விஷயம் இதுதான். தொண்ணூறுகளில், காசு வாங்கி ஆள் கடத்துகிற ஏஜென்சிக்காரன் அவரை ஒஸ்திரியா எல்லையோரம் ஒரு சின்ன ஸ்லோவேனியக் கிராமத்தில் காலமை இறக்கிவிட்டு, "இதுதான் ஜெர்மனி. போய் அசூல் எண்டு சொல்லு" என்று பறந்துவிட்டான். அண்ணை நிமிர்ந்து பார்த்தார். மலையில் பென்னாம்பெரிய பழங்காலக் கோட்டை, உச்சியில் கொடி. இது அரசாங்கக் கந்தோர்தான் என்று முடிவுகட்டி, தலை இழுத்து, சேட்டைக் காற்சட்டைக்குள் விட்டு, ஏறிப் போனார். கவுண்டரில் இருந்த பெண்ணிடம் "அசூல்" என்றார். அவ ஒரு நுழைவு ரிக்கற்றை நீட்டினா. அண்ணை கையெழுத்துப் போடப் பேனை கேட்டார்!

அவவுக்கு விளங்கிவிட்டது. உள்ளே கூட்டிப்போய்ச் சூப் கொடுத்து, நனைந்த சப்பாத்தைக் காயவைத்து, ஜெர்மனி இன்னும் ஒரு நாடு தள்ளி என்று தேசப்படத்தில் காட்டினா. ஐயோ, அந்தப் பதற்றத்தில் அண்ணை ஒரு நன்றிகூடச் சொல்லாமல் வந்துவிட்டார். அதுதான் அவருக்கு ஆறாத புண். ஜெர்மன் பாஸ்போட் கிடைத்தால் முதல் பயணம் அங்கேதான் என்று சபதம்.

இரண்டாயிரங்களின் நடுவில் பாஸ்போட் வந்தது. அடுத்த கிழமையே என்னைச் சாரதியாக்கி, ஒரு வாளி பயற்றம் பணியாரத்தோடு புறப்பட்டார். ஸ்லோவேனிய எல்லையில் அதிகாரி எங்கள் ஜெர்மன் நம்பர் பிளேட்டைப் பார்த்து, போ போ என்று கை காட்டினான். அண்ணைக்கு வந்ததே கோபம்! "நிப்பாட்டுமப்பா காரை! எத்தனை வரியம் அலைஞ்சு எடுத்த பாஸ்போட், பாக்காமல் விடுறானோ?" இறங்கிப் போனவர், அவன் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி முடிக்கும்வரை அசையவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தவர்களுக்கெல்லாம் பணியாரம்.

கோட்டையில் அதே பெண், நரைத்த தலையோடு. அண்ணை என்னை முன்னால் தள்ளிவிட்டார். எல்லையோர ஊர் என்பதால் அவவுக்கு ஜெர்மன் தெரியும்; நான்தான் முழுக்கதையும் சொன்னேன். அவ கண்ணாடியைக் கழற்றி அவரைக் கனநேரம் பார்த்தா.

"மன்னிக்க வேணும், ஞாபகமில்லை. அந்த நாட்களில் பசியோடு கனபேர் வந்தார்கள். எல்லாருக்கும் சூப் கொடுத்தேன்" என்றா.

இவ்வளவு தூரம் வந்த மனுசனுக்கு இதை எப்படிச் சொல்ல? "அண்ணை, அவவுக்கு உங்களை நல்ல ஞாபகமாம்" என்று புளுகினேன்.

"சும்மா இருமப்பா. இத்தனை வரியமா ஜெர்மன்காரரோடை மாக் குழைக்கிறன், எனக்கு விளங்காதே?" என்றார். கண் கலங்கிக்கொண்டே சிரித்தார். "ஞாபகமில்லாட்டி என்ன? எல்லாருக்கும் எல்லோ செய்திருக்கிறா. நன்றி சொல்ல வராத ஆக்களுக்கும் சேர்த்து நானே சொல்லுறன்."

கைகூப்பி, "டாங்கே" என்றார். பிறகு இன்னொரு டாங்கே. பிறகு இன்னொன்று. பின்னால் ரிக்கற் வரிசை வாசல்வரை நீண்டது. எதற்கும் அவரை அவசரப்படுத்துகிற நான், அன்றைக்கு அவர் சொல்லி முடிக்கட்டும் என்று பக்கத்தில் நின்றேன்.