சரஸ்வதிக்கு முன்னால் வைத்த லப்டொப்

சிவமயம்

சரவணை,
ஐப்பசி வெள்ளி.

அன்புத் தம்பி ஐங்கரனுக்கு,

ரொறன்ரோப் பனியிலும் குளிக்காமல் பூசை வைக்காதவன் நீ என்ற நம்பிக்கையோடு அண்ணன் கைலாசபதிக் குருக்கள் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே கோயிலும் பசுவும் நானும் சுகம். தொலைபேசியில் சொன்னால் "சரி அண்ணா, பிறகு" என்று பாதியில் வைத்துவிடுவாய். ஆகவே கடிதம்.

என் மகள் தக்ஷாயினிக்கு ஜேர்மனியில் நிரந்தர வேலை கிடைத்துவிட்டது. கிடைக்கச் செய்தது நான்.

பிள்ளையின் துறை உனக்குத் தெரியும், பௌதிகம். ஆனால் ஆய்வுகூடம், கண்ணாடிக் குழாய் ஒன்றும் கிடையாது. ஒரு பொருளுக்குள் கோடானுகோடி இலத்திரன்கள் ஒன்றோடொன்று எப்படி மல்லுக்கட்டுகின்றன என்று கணினியிலேயே கணக்குப் போட்டுப் பார்ப்பது. "கண்ணாலை காணாததை எப்பிடியடி கணக்குப் போடுவாய்?" என்று ஒருமுறை கேட்டேன். "பஞ்சாங்கக்காரர் வானத்துக்குப் போய்ப் பாத்தே கிரகணம் சொல்லுகினம், அப்பா?" என்றாள். பிறகு ஒரு முக்கோணம் கீறினாள். மூலைக்கொன்றாக மூன்று இலத்திரன். ஒவ்வொன்றும் மற்றதுக்கு எதிர்ப்பக்கம்தான் பார்ப்பேன் என்று அடம்பிடிக்கும். இரண்டு அப்படி நின்றுவிட்டால் மூன்றாவது எந்தப் பக்கம் பார்க்கும் என்று கேட்டாள். அட, இது எங்கள் கோயில் சபையல்லவா! இதற்குக் கணினி எதற்கு, என்னைக் கேட்டிருக்கலாம்.

ஆராய்ச்சி என்ற பெயரில் இத்தனை வருடமும் அவளை நாடு நாடாகத் தற்காலிகமாகவே வைத்திருந்தார்கள். நவராத்திரிக்கு வந்து நின்றவளுக்கு, சரஸ்வதி பூசையன்று பின்னேரம்தான் இந்த வேலைக்கு லப்டொப்பில் நேர்முகமாம். நான் என்ன செய்ய? அன்றைக்குக் கும்பத்தடியில் வைத்த புத்தகத்தையும் ஆயுதத்தையும் விஜயதசமி விடிந்து ஏடு தொடக்கும்வரை ஒருவரும் தொடக்கூடாது. ஊர்ப்பிள்ளைகளின் கொப்பிகளை எல்லாம் வாங்கி அடுக்கிவிட்டு, குருக்களின் மகளின் லப்டொப் பெட்டியை மட்டும் வீட்டில் விட ஏலுமோ?

"அப்பா, இது கிடைக்காட்டி நான் ஆராய்ச்சியை விடத்தான் வேணும். இனி ஒருத்தரும் கூப்பிடமாட்டினம்" என்று அழுதாள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "சரஸ்வதியை விடப் பெரிய தெரிவுக்குழுவோடி அது?" என்றேன். அப்போதுதான் உன் அண்ணி அம்பிகை, "இஞ்சருங்கோ, சத்தம் போடாதையுங்கோ. நானே பட்டிலை சுத்தித் தாறன்" என்றாள். கல்யாணம் முடித்த நாள்முதல் நான் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிறவளுக்கு அன்று வந்த பக்தியை நீ பார்த்திருக்கவேணும். கட்டுக்குள்ளிருந்து கொஞ்சம் கறிவேப்பிலை மணத்தது. ஆராய்ச்சிக்காரியின் பெட்டி, என்னத்தைக் கண்டோம்.

கும்பத்தடியில் வைத்துச் சந்தனம் சாத்தி, ஒலிபெருக்கியைக் கூட்டிப் போட்டு, பிள்ளையின்ரை பேர் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்தன் பார், தொண்டை கட்டிப்போச்சு. அவள் கோயில் பக்கமே வரேல்லை. கோவமாக்கும் எண்டு விட்டிட்டன். போன கிழமை ஈமெயில் வந்திட்டுது, வேலை அவளுக்குத்தான்! பாத்தியோ? முகத்தையும் பாராமல், ஒரு கேள்வியும் கேளாமல் வேலை குடுத்திருக்கிறாங்கள். இப்ப உயர்தரப் பரீட்சை எடுக்கிற பிள்ளையளின்ரை தாய்தேப்பன் எல்லாம் லப்டொப்போடை கோயில் வாசலிலை நிக்கினம். உன்ரை மகன் ஹரிஷனும் பௌதிகத்திலை தடுமாறுறான் எண்டாய். யோசியாமல் அவன்ரை பெட்டியைப் பறிச்சுக் கும்பத்தடியிலை வை. மிச்சத்தைச் சரஸ்வதித் தாயார் பாத்துக்கொள்ளுவா.

உங்கள் எல்லோருக்கும் திருநீறு மடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். பூசிக்கொண்டு நீடூழி நன்றாயிருங்கள்.

இப்படிக்கு,
அண்ணன் கைலாசபதிக் குருக்கள்

பி.கு.: உறையை ஒட்டமுதல் வீட்டில் வாசித்துக் காட்டினேன். தாயும் மகளும் சிரித்த சிரிப்பில் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. பட்டுக்குள் இருந்தது குசினியில் மரக்கறி வெட்டும் பலகையாம். தக்ஷாயினி லப்டொப்போடு பக்கத்து வீட்டு யோகம்மாவின் அலுமாரிக்கு முன்னால் கதிரை போட்டிருந்து நேர்முகம் கொடுத்தாளாம். இடையில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டு, அது யார் குரல் என்று அந்தப் பேராசிரியர்கள் விசாரித்தார்களாம். "என்ரை அப்பா. எனக்கு இந்த வேலை கிடைக்கவேணுமெண்டு கும்பிடுறார்" என்று சொன்னாளாம். பசுவைத் தேடுவதுபோல வெளியே போய்விட்டு வந்துதான் இதை எழுதுகிறேன், தம்பி. ஆகவே ஹரிஷனின் பெட்டியை அவனிடமே விட்டுவிடு. பலகை வைத்தாலும் போதும். அர்ச்சனையை மட்டும் பலத்துச் சொல்லு, பிள்ளைக்குக் கேட்கவேணும்.