போடி முதலாளி

"ஏலே பிரின்ஸ், பேஸ்புக்ல நீ கிழிச்சிருக்குற முதலாளி நான்தான?"

போனில் கத்தியவர் போடி ஏலக்காய் வியாபாரி முத்துராஜா. பிரின்ஸ் அவர் கடைப் படியைக்கூட மிதித்ததில்லை.

"அய்யோ, நீங்க இல்லண்ணே!"

"புளுகாத. எங்க கடை காமராஜ்தான ஒங்கிட்ட சொன்னான்? அவுக அம்மா செத்தன்னிக்கு நான் போன் போட்டது ஸ்டாக் கேக்கத்தான். சாவி கேக்கல!"

பிரின்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் எழுதியது தன் சொந்தக் கதை. அப்பாவின் குழியில் கைப்பிடி மண் போடப் போன நேரத்தில் முதலாளி பலவேசம் போன் போட்டார். "அப்பா அடக்கத்துல நிக்கேன் முதலாளி" என்றான். "சரி சரி, குடோன் சாவி எங்கன இருக்கு?" என்றார். அன்றைக்கே வேலையை விட்டான். வேறு வேலைதான் இன்னும் கிடைக்கவில்லை.

மனம் திறந்து எழுதினால் நாலு பேர் கூப்பிட்டு வேலை தருவார்கள் என்று யூடியூபில் ஒருவர் அளந்துவிட்டார். இவனும் நம்பி எழுதினான். பெயரை விட்டுவிட்டு 'போடி முதலாளி' என்று மட்டும் போட்டான்.

கூப்பிட்டார்கள், பகல் முழுக்க. வேலை தர ஒருவருமில்லை. ஆளாளுக்கு ஒரு சாவு நினைவுக்கு வந்திருந்தது.

'போடி'யை எடுத்துவிட்டு 'தேனி' என்று திருத்தினான். தேனிக்காரர்கள் ஆரம்பித்தார்கள். ஊர்ப்பெயரையே எடுத்தான். கம்பம், கூடலூர் என்று மேற்கே பரவியது. குமுளியிலிருந்து ஒருவர் மலையாளத்திலேயே திட்டினார். கடுப்பில் மொத்தத்தையும் அழித்தான். அதற்குள் வியாபாரிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் அது படமாகச் சுற்றியது, 'இவனை யாரும் வேலைக்குச் சேர்க்காதீர்கள்' என்ற குறிப்போடு.

"போச்சும்மா. இனி இந்தப் பக்கம் எவனும் வேல தர மாட்டான்!"

அம்மா பாக்கியத்துக்கும் ஆத்திரம் தாங்கவில்லை. "அத்தன பேரும் குதிக்கிறாக. செஞ்ச மனுசன் வாயத் தொறந்தாரா?"

அந்த நேரம் பார்த்து பலவேசமே கூப்பிட்டார். இன்றைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடுவது என்று பிரின்ஸ் போனை எடுத்தான்.

"பிரின்ஸு, குரூப்புல படிச்சேன்ப்பா. நெஞ்சு ஆறல. எங்கிட்டருந்து போயி எந்தப் படுபாவிகிட்ட மாட்டுன? அவனெல்லாம் மனுசனா? எவன் என்ன சொன்னாலும் நீ நாளைக்கே நம்ம கடைக்கு வந்துரு."

"முதலாளி, அது..." என்று பிரின்ஸ் ஆரம்பிப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"ஆமா, அப்பா எப்பப்பா தவறுனாக? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?"