லூயிஸ் அண்ணனின் முதுகு

அர்ச்சுனன் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று கித்தார் வாசிக்கத் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பின்வரிசையிலிருந்து குரல் வந்தது.

"டேப்பு ஓடுது லா. இவன் சும்மா நிக்கிறான்."

சிலிபின் ஊர் மண்டபமே சிரித்தது. முதல் வரிசையில் ஆலிஸ் அக்கா உட்கார்ந்திருந்தார், காலமான கித்தார்க் கலைஞர் லூயிஸின் மனைவி. முதலாண்டு நினைவு நாளுக்காகக் கணவரின் கித்தாரை நம்பிக் கொடுத்தவர், "கேலிக்கூத்தாச்சுன்னா பாதியிலயே தூக்கிட்டுப் போயிருவேன்" என்றும் சொல்லியிருந்தார்.

லூயிஸ் என்ன லேசுப்பட்ட ஆளா? எழுபதுகளில் அவர் வாசிப்பைக் கேட்கத் ரப்பர்த் தோட்டம் தோட்டமாக லோரி ஏறிப் போன கூட்டம் இது. பாட்டின் நடுவில் சட்டென்று திரும்பி நின்று வெளுத்து வாங்குவார் பாருங்கள், உடம்பெல்லாம் சிலிர்க்கும். ஏன் திரும்பினார்? விரல் வித்தையை எவனும் திருடிவிடக் கூடாதென்றுதான் என்பது ரசிகர் மன்றத்தின் முடிவு. மன்றத் தலைவர் பழனியப்பனுக்கு மட்டும் வேறு கட்சி. தோட்டத்து மேடைக்குப் பின்னால் மாரியம்மன் கோயில். வேதக்காரராக இருந்தாலும் லூயிஸ் அம்மனைப் பார்த்துத்தான் வாசித்தார் என்று அடித்துச் சொல்வார்.

ஆக, திரும்பி வாசித்தால்தான் லூயிஸ். அதை மட்டும் அர்ச்சுனன் விடுவதாக இல்லை.

"எதிர்ல கண்ணாடி வச்சா விரலு தெரியும் மச்சான்," என்றான் டிரம் வாசிக்கும் சன்னாசி.

பக்கத்து முடிவெட்டும் கடையிலிருந்து ஆளுயரக் கண்ணாடி வந்தது. விரல் தெரிந்தது. கூடவே மேடை விளக்கு அதில் பட்டு முதல் வரிசையின் கண்ணைக் கூசவைத்தது. ஒருவர் குடையை விரித்தார்.

சன்னாசி எழுந்து கண்ணாடியை ஒருபக்கமாகத் திருப்பினான். இப்போது அதில் சுவர்க் கடிகாரம்தான் தெரிந்தது, அர்ச்சுனனைக் காணோம்.

"அப்படியே பின்னால வா. இடப்பக்கம். இன்னும் கொஞ்சம் வா லா."

அர்ச்சுனன் வாசித்துக்கொண்டே போனான். மேடை முடிந்துவிட்டது. முதல் வரிசையில் இருந்த பழனியப்பனின் மடியில் விழுந்தான். கித்தாரை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான், அதில் ஒரு கீறல் இல்லை.

ஆலிஸ் அக்கா எழுந்து வந்து கித்தாரை வாங்கிக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தான் அர்ச்சுனன்.

"எதுக்குய்யா திரும்பி நின்னே?"

"அண்ணன் மாதிரி வாசிக்கத்தான் அக்கா. அந்த விரல் வித்தைய..."

"மாரியம்மன்," என்று அவனுக்கு அடியிலிருந்து முனகினார் பழனியப்பன்.

ஆலிஸ் அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவனை எழுப்பி, கித்தாரை அவன் தோளிலேயே மாட்டிவிட்டு, கூட்டத்தின் பக்கம் முகத்தைத் திருப்பி நிறுத்தினார்.

"எங்கப்பா தோட்டத்துக் கிராணி, ஆபீஸ்ல கணக்கு எழுதுறவரு. ஆம்பளைங்க கூட்டத்துல போய் உக்காரக்கூடாதுன்னுட்டாரு. நான் மேடைக்குப் பின்னாலதான் நின்னு பாப்பேன். கல்யாணத்துக்கு அப்புறமும் அதே எடந்தான். அவரு உங்களுக்கு முதுகைக் காட்டல தம்பி. எனக்கு மூஞ்சியக் காட்டுனாரு."