பானையின் காலை எடுத்தவன்

எனக்குத் தமிழ் நன்றாகத் தெரியும் என்று வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் பொய் சொன்னேன். அதன் பலனாக, இன்றுவரை ஒரு குடும்பத்தில் நான் புத்தி சரியில்லாதவன்.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும். அரியலூரில் சிமெண்ட் மூட்டை தூக்கி முதுகு போனபின், பாடாலூர் ரோட்டோர டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன். (அதற்கு முன் போர்வெல் லாரி, அதற்கும் முன் சொல்லிக்கொள்ள எதுவுமில்லை.) காரில் ஒருவர் வந்து இறங்கினார். கையில் செல்போன் மாதிரி ஒரு கருவி. செயற்கைக்கோளிடம் கேட்டு, நாம் நிற்கும் இடத்தைச் சொல்லுமாம். தா.பழூர் பக்கம் ராஜா காலத்து வாய்க்கால் கரை நெடுக அவருடைய நண்பர்கள் சீட்டுகளை ஒளித்து வைத்திருக்கிறார்களாம். சீட்டுக்கு ஒரு சொல் விளையாட்டு. கடைசி விடை இருக்கும் இடத்தில் ஒரு பெட்டி.

"நான் டெல்லில படிச்சவன். தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். நல்லாத் தெரிஞ்சவங்க யாராவது வருவாங்களா?"

"நான் புலவருக்குப் படிச்சிருக்கேன் சார்."

படித்தது ஏழாவது. 'பு' வரை உண்மை.

முதல் இரண்டு சீட்டுகளை அவரே எழுத்துக்கூட்டி அவிழ்த்துவிட்டார். நான் ஆமோதித்தேன். மூன்றாவது சீட்டு ஒரு பழைய மடையின் கல்லிடுக்கில் இருந்தது: "பானையின் காலை எடு. அடியில் இருக்கிறேன்."

"பானைக்கு ஏதுங்க கால்?"

"அடுப்புக் கல்லுதான் சார் கால். பழைய பாட்டுலயே வருது." (எந்தப் பாட்டு என்று கேட்கவில்லை. நல்ல மனிதர்.)

சொல்லி வைத்தாற்போல், கரையிலிருந்த அய்யனார் கோயில் முன் மூன்று கல்லில் ஒரு பானை. பக்கத்தில் யாருமில்லை. நெருப்புகூட மூட்டி வைத்திருக்கிறார்களே, என்ன ஏற்பாடு என்று வியந்தபடி ஒரு கல்லைக் குச்சியால் நெம்பினேன்.

பானை உருண்டது. பொங்கல் மண்ணில்.

"அடப் பாவி!" வாய்க்காலிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்தார் ஒரு அம்மாள். பின்னால் பட்டுப்புடவையில் மகள். "மாப்ள வூட்டுக்காரங்க இப்ப வந்துருவாங்கடா! அஞ்சு எடம் தட்டிப்போயி இதுதான் கூடி வந்துச்சு. சகுனம் சரியில்லன்னு திரும்பிப் போயிருவாங்களே!"

சார் விளக்கமாக அந்தச் சீட்டையே நீட்டினார். மகள் படித்தாள்.

"பானையில துணைக்கால எடுத்தா பனை. ஒண்ணாங்கிளாசுப் புள்ள சொல்லுமே."

கொஞ்ச தூரத்தில் ஒற்றைப் பனை நின்றது. சார் அதை நோக்கி ஓடினார். நானும் ஓடியிருப்பேன், அதற்குள் வேன் வந்து நின்றது.

மாப்பிள்ளையின் அம்மா இறங்கினார். தரையைப் பார்த்தார். முகம் சுருங்கியது. "என்னங்க இது, பொங்கல் கவுந்து கெடக்கு?"

பெண்ணின் அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு என் தலையை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "எங்க அக்கா மவன்ங்க. புத்தி சரியில்லாத புள்ள. அடுப்புக் கல்ல உருவிப்புட்டான்."

மறுக்க வாயைத் திறந்தேன். அந்தப் பெண்ணின் கண் கலங்கியிருந்தது. திறந்த வாயை அப்படியே வைத்துக்கொண்டு சிரித்தேன். (நடிப்பே தெரியவில்லை என்று பிற்பாடு அவள் பாராட்டினாள்.)

"அடப் பாவமே," என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "அறியாத புள்ள செஞ்சா சாமி குத்தமாயிருமா? எங்க வூட்லயும் ஒண்ணு இருக்கு." சொல்லிவிட்டுத் தன் கணவரைப் பார்த்தார்.

மறுபடி பொங்கல் வைத்தார்கள். என்னை எட்டத்தில் உட்கார வைத்தார்கள். பெட்டியோடு திரும்பிய சார், "போலாமா?" என்றார். புத்தி சரியில்லாதவன் எப்படிப் பதில் சொல்வது? கையை ஆட்டி டாட்டா காட்டினேன். போய்விட்டார்.

ஒரு மாதத்தில், நான் அன்று சொல்லியிருந்த டீக்கடை அடையாளத்தை வைத்து அந்த அம்மாள் பாடாலூருக்கே தேடி வந்தார். "அக்கா மவன் எங்கன்னு மண்டபத்துல கேப்பாங்கடா. வந்து உக்காந்துட்டாவது போ." புது வேட்டி சட்டை. பிறகு வளைகாப்பு, காதுகுத்து. எனக்குப் பத்திரிகை வைக்க வேறு யாருமில்லை, எதற்கும் தவறியதில்லை.

அம்மாளுக்கும் மகளுக்கும் சிரித்து மாளாது. மாப்பிள்ளையிடம் மட்டும் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. போன தடவை போனபோதும் வாசலுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு வார்த்தையாக, சத்தமாகச் சொன்னார்:

"மச்சான்... அது... அடுப்பு. சுடும்."